மூணு பேரைக் கூட்டினா ஒரு ஆள்

இந்த வாட்டி கொஞ்சம் விளையாட்டு விஷயம். விளையாட்டுதானேன்னு ஆரம்பிச்சு கணக்கு, மனநோய், நட்புன்னு எங்கெங்கேயோ போய் நின்ன விஷயம். கேள்வி இதுதான்: கதை சொல்லி ஆடுற ஒரு மேஜை விளையாட்டுக்கு, ஒரே உடம்புக்குள்ள மூணு பேர் இருக்கிற மாதிரி ஒரு கேரக்டரை ஒருத்தர் கொண்டு வந்தா, கூட ஆடுறவங்களுக்கு அநியாயம் இல்லாம அதை எப்படிச் சேர்த்துக்கிறது?

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு ஆட்டம். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் சேர்ந்து வெளியிட்டது. பலகை கிடையாது, காய் கட்டாயம் கிடையாது. நாலைஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உட்காரணும். ஒருத்தர் கதையை நடத்துவார், அவருக்கு டன்ஜன் மாஸ்டர்னு பேர். மத்தவங்க ஆளுக்கொரு கேரக்டர். "நான் கதவைத் திறக்கிறேன்"னு சொன்னா, திறந்ததா இல்லையான்னு 20 முகம் கொண்ட பகடை சொல்லும். பலம், புத்தி, சாமர்த்தியம் எல்லாத்துக்கும் ஒரு தாளில் எண் இருக்கும். அந்தத் தாள்தான் உங்க ஜாதகம். தோக்கறது ஜெயிக்கறது கிடையாது. சேர்ந்து ஒரு கதையை நடத்திக்கிட்டுப் போறதுதான் ஆட்டம்.

எங்க குழுவில் ஆடுறவங்க அஞ்சு பேர். நடத்துறது நான். ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு மணி நேரம்.

ஒரு ஞாயிறு, எங்க குழுவிலேயே நல்லா நடிக்கிறவன் ஒரு தாளுக்குப் பதிலா மூணு தாளோடு வந்தான். ஒண்ணு போர்வீரன், ஒண்ணு மந்திரவாதி, ஒண்ணு திருடி. மூணும் அஞ்சாம் லெவல். "ஒரே உடம்பு மச்சி. உள்ளே மூணு பேர். நேரத்துக்கு ஒருத்தர் வெளியே வருவாங்க"ன்னான். மத்தவங்க எல்லாரும் ஆளுக்கு ஒரு அஞ்சாம் லெவல் தாள்தான் வச்சிருந்தாங்க.

அவன் வாதம் கேட்க நியாயமாத்தான் இருந்தது. இந்த ஆட்டத்தில் சண்டை நடக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒருத்தருக்கு ஒரு முக்கியமான செயல்தான் அனுமதி. மூணு பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒருத்தர்தானே வெளியே? அப்போ ஒரு சுற்றுக்கு ஒரு செயல்தானே? அதில் என்ன அநியாயம்னு கேட்டான்.

அநியாயம் தேர்ந்தெடுக்கிற உரிமையில் இருக்கு. அஞ்சாம் லெவல் போர்வீரன் ஒரு சுற்றில் ரெண்டு தடவை வெட்டலாம். ஆனா பூட்டின பெட்டி முன்னாடி அவன் சும்மா நிக்கணும். அஞ்சாம் லெவல் மந்திரவாதி ஃபயர்பால் போட்டா எட்டு பகடை உருளும், சராசரியா 28 புள்ளி சேதம். ஆனா அவனை ஒரு தட்டு தட்டினா விழுந்துடுவான். திருடி பூட்டைத் திறப்பாள், நேருக்கு நேர் சண்டைக்குப் போனா அடிவாங்குவாள். ஒருத்தர்கிட்ட இல்லாதது இன்னொருத்தர்கிட்ட இருக்கிறதாலதான் அஞ்சு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடுறாங்க. மூணு தாளையும் வச்சிருக்கிறவனுக்கு யாருமே தேவையில்லை. பூட்டுக்கு முன்னாடி திருடி, கூட்டத்துக்கு முன்னாடி மந்திரவாதி, மத்த நேரத்துக்கு வீரன். ஒரு நேரத்தில் ஒருத்தர்தான். ஆனா எப்பவும் சரியான ஒருத்தர்!

அதோட அவன் உயிர்ப்புள்ளியையும் தனித்தனியா எழுதி வச்சிருந்தான். வீரனுக்கு 44, திருடிக்கு 38, மந்திரவாதிக்கு 32. மொத்தம் 114. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிஜ போர்வீரன்கிட்ட இருந்தது 44. ஒருத்தர் விழுந்தா அடுத்தவர் எழுந்து வருவாராம். ஒரே உடம்பு விழுந்திருக்கும்போது எப்படிடா எழுந்து வருவார்னு கேட்டதுக்கு, "மன உறுதி"ன்னான். :-)

சிரிக்காதீங்க, பெரிய ஆட்டக்காரங்களே இந்தக் குழியைச் சுத்தி வந்திருக்காங்க. இதே ஆட்டத்தின் 2014 விதிப்புத்தகத்தில் ட்ரூயிட்னு ஒரு வகை இருந்தது, மிருகமா மாறக்கூடிய துறவி மாதிரி. அதில் நிலா வட்டத்தைச் சேர்ந்த ட்ரூயிட் ரெண்டாம் லெவலிலேயே பழுப்புக் கரடியா மாறலாம். கரடிக்குத் தனியா 34 உயிர்ப்புள்ளி. ஓய்வு எடுக்கிறதுக்குள்ள ரெண்டு தடவை மாறலாம், ஆக 68 புள்ளி கூடுதல். அதே லெவலில் நல்ல உடம்பு இருக்கிற போர்வீரனுக்கு மொத்தமே 20 சொச்சம். வருஷக்கணக்கா இதைப் பத்தி சண்டை ஓடிச்சு. 2024-ல் வந்த திருத்தின புத்தகத்தில் மிருகத்தின் புள்ளி தனியா வர்றதை எடுத்துட்டு, லெவலுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் தற்காலிகப் புள்ளி மட்டும் குடுத்தாங்க. ஒரு ஆளுக்கு ரெண்டு உடம்பு குடுத்தாலே இவ்வளவு தலைவலி.

மத்த ஆட்டங்களில் இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு தேடிப் பார்த்தேன். ரெண்டு வழி சுவாரசியமா இருந்தது.

முதல் வழி, விலை போடுறது. 1981-ல் வந்த சாம்பியன்ஸ், அப்புறம் ஹீரோ சிஸ்டமா வளர்ந்த ஆட்டம், சூப்பர்ஹீரோக்களுக்கானது. அதில் எல்லாத்துக்கும் புள்ளி விலை. இன்னொரு ஆளா மாறுற சக்திக்கு, அந்த இன்னொரு ஆளைச் செய்ய ஆகுற புள்ளியில் அஞ்சில் ஒரு பங்கு குடுக்கணும். 400 புள்ளிக்கு ஒரு ராட்சசன் வேணும்னா உங்க கையில் இருந்து 80 போகும். அந்த 80 குறைஞ்ச சாதா மனுஷனாத்தான் மிச்ச நேரம் நீங்க திரியணும். தன் இஷ்டமில்லாம மாறிடுவேன்னு எழுதிக் குடுத்தா அது குறைபாட்டுக் கணக்கில் சேரும். ஹல்க் ஞாபகம் வருதா? அதேதான்.

ரெண்டாவது வழி, அதைச் சக்தியாவே பார்க்காம சுமையா பார்க்கிறது. ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸின் கர்ப்ஸ் ஆட்டத்தில், 2004-ல் வந்த நாலாம் பதிப்பில், பிளவுபட்ட ஆளுமைங்கிறது ஒரு குறைபாடு. மதிப்பு கழித்தல் 15. அதாவது அதை எடுத்துக்கிட்டா வேறெங்காவது செலவழிக்க உங்களுக்கு 15 புள்ளி திரும்பக் கிடைக்கும். பதிலுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் மூணு பகடை உருட்டணும். வழக்கமான அளவுப்படி கூட்டுத்தொகை 12-க்குள்ள வந்தா தப்பிச்சீங்க, தாண்டினா உள்ளே இருந்து வேறொருத்தர் வெளியே வந்துடுவார். கணக்குப் போட்டா, நாலு நெருக்கடியில் ஏறக்குறைய ஒண்ணில் ஆள் மாறும்.

ரெண்டாவது வழிதான் எனக்குப் பிடிச்சது, ஏன்னா அதில் மாறுறது ஆடுறவன் கையில் இல்லை. ஆனா எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை ஆட்டம் வச்சுப் பார்க்கலாம்னு முடிவாச்சு. கதை எதுவும் நிரந்தரம் இல்லை, ஒரு மதியம் மட்டும்.

அந்த மதியம்தான் எண்ணில் எழுத முடியாத ஒண்ணு தெரிஞ்சது. நேரம்! மூணு மணி நேரம்னா 180 நிமிஷம். அஞ்சு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 36. நான் பேசுறதைக் கழிச்சா அதில் பாதி மிஞ்சினா பெரிசு. நம்மாள் என்ன பண்ணினான்னா, வீரனா ஒரு குரலில் பேசினான், மந்திரவாதியா இன்னொரு குரலில் அவனுக்குப் பதில் சொன்னான், நடுவில் திருடி சமாதானத்துக்கு வந்தாள். நடிப்பு பிரமாதம், பொய் சொல்லலை. ஆனா அவன் தன்கூடவே பேசி முடிக்கிறதுக்குள்ள மத்த நாலு பேரும் ஒரு பாக்கெட் மிக்சரைக் காலி பண்ணிட்டாங்க. ஒருத்தன் போனை எடுத்துட்டான். கேரக்டரோட பலத்தைக் குறைச்சா இது சரியாகாது. ஒண்ணாம் லெவல் ஆளுக்கும் இதே வாய் இருக்கும்.

அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சதும், பாதிரியார் கேரக்டர் ஆடுறவள் மட்டும் கிளம்பாம இருந்தாள். எங்க கூட்டத்தில் அதிகம் பேசாதவள். அவள் சொன்னது இது: "எங்க வீட்டிலேயே மனநலப் பிரச்சினை உள்ளவங்க இருக்காங்க. வெளியில யார்கிட்டயும் சொல்றதில்லை. இவன் மூணாவது ஆளைக் கொலைகாரனா மாத்தலாம்னு யோசிக்கிறான், நீங்கள்லாம் சிரிக்கிறீங்க. அப்படித்தான் போகும்னா அடுத்த வாரத்திலேர்ந்து நான் வரலை." கோபமெல்லாம் இல்லை. பஸ் நேரம் சொல்ற மாதிரி சொன்னாள். அதனாலேயே எனக்குச் சுருக்குன்னுச்சு.

நம்ம ஊரில் இந்த விஷயம் பெரும்பாலானவங்களுக்கு அறிமுகமானது 2005-ல். அந்நியன் வந்த வருஷம். அம்பி, ரெமோ, அந்நியன். படம் வந்ததிலிருந்து யாராவது திடீர்னு கோபப்பட்டா "உள்ளே அந்நியன் வந்துட்டான்"னு கிண்டல் பண்றது பழகிப் போச்சு. 2016-ல் ஹாலிவுட்டில் ஸ்பிளிட் வந்தது. அதிலும் உள்ளே இருக்கிறவங்களில் ஒருத்தன் ராட்சசன். படம் பார்த்தா உள்ளே ரெண்டு பேர் இருக்கிறவன்னா ஒருத்தன் கண்டிப்பா கத்தியோட இருப்பான்னு தோணும்.

நிஜம் வேற. மருத்துவத்தில் முன்னே இதைப் பன்முக ஆளுமைக் கோளாறுன்னு சொன்னாங்க. 1994-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலின் நாலாம் பதிப்பு இந்தப் பெயரையே மாத்திடுச்சு. ஒருத்தருக்குள்ள பல பேர் குடியிருக்காங்கங்கிறதைவிட, ஒரு ஆளோட அடையாளம் ஒண்ணா சேராம துண்டு துண்டா நிக்குதுங்கிற அர்த்தத்தில் புதுப் பெயர். பெரும்பாலும் சின்ன வயசில் தாங்க முடியாத கொடுமைக்கு ஆளானவங்களோட இதை இணைச்சுப் பேசுறாங்க. முக்கியமான அறிகுறிகளில் ஒண்ணு ஞாபகத்தில் விழுற ஓட்டை. அன்றாட விஷயமே நினைவில் இல்லாம போகும். சினிமாவில் வர்ற மாதிரி முடியைச் சிலுப்பி, குரலை மாத்தி அறிவிச்சுட்டு மாறுறதில்லை. பல பேர் பக்கத்தில் இருக்கிறவங்களுக்கே தெரியாம மறைச்சு வாழ்றாங்க. பொதுவா மனநோய் உள்ளவங்க அடுத்தவங்களை அடிக்கிறதைவிட அடுத்தவங்ககிட்ட அடிபடுறதுதான் அதிகம்.

மேஜை விளையாட்டுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. 1991-ல் வந்த வேம்பயர்: தி மாஸ்கரேட் ஆட்டத்தில் மால்கேவியன்னு ஒரு இரத்தக்காட்டேரிக் குலம். அந்தக் குலத்தில் ஒவ்வொருத்தருக்கும் தீராத ஒரு மனப்பிறழ்வு இருக்கணும்கிறது விதி. எழுதினவங்க சோகமா, பயமா இருக்கணும்னு எழுதினாங்க. ஆடினவங்களில் ரொம்பப் பேர் அதைக் கோமாளித்தனம் பண்ண லைசென்ஸா எடுத்துக்கிட்டாங்க. அது அந்த ஆட்டக்காரங்க மத்தியிலேயே ஒரு பழைய புலம்பல்.

ஆக என் முன்னாடி ரெண்டு பிரச்சினை. ஒருத்தன் எல்லாரோட நேரத்தையும் எடுத்துக்கிறான். ஒருத்தி எழுந்து போகப் போறாள். அவனை வேண்டாம்னு சொல்லிட்டா ஒரே நிமிஷத்தில் முடிஞ்சிருக்கும். ஆனா அவன் ஆசைப்பட்டது தப்பான விஷயம் இல்லை. ஒரு மனுஷன் எப்பவும் ஒரே மனுஷனா இருக்கிறதில்லைங்கிறதை ஆடிப் பார்க்கணும்னு நினைச்சான், அவ்வளவுதான்.

வழி காட்டினது இன்னொரு பழைய ஆட்டம். அதே வேம்பயரை வெளியிட்ட வொயிட் உல்ஃப், 1994-ல் ரெய்த்: தி ஒப்ளிவியன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதில் எல்லாரும் செத்துப் போனவங்க, ஆவிகள். ஒவ்வொரு ஆவிக்குள்ளேயும் அதை அழிக்கப் பார்க்கிற ஒரு நிழல் உண்டு. விசேஷம் என்னன்னா, உங்க நிழலை நீங்க ஆட மாட்டீங்க. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இன்னொருத்தர்தான் உங்க நிழலா உங்க காதில் பேசுவார். படிச்சதும் எழுந்து ரெண்டு நடை நடந்தேன். உள்ளே இருக்கிற இன்னொரு ஆளை மேஜையில் இருக்கிற இன்னொரு ஆள்கிட்ட குடுத்துட்டா?

அவனையும் அவளையும் வச்சுக்கிட்டு மூணு பேருமா உட்கார்ந்து நாலு விதி எழுதினோம்.

ஒண்ணு. ஒரே உடம்பு, ஒரே உயிர்ப்புள்ளி, ஒரே அஞ்சாம் லெவல். மந்திரவாதி போய் ஏடு படிக்கிற படிப்பாளி ஆனான். கேரக்டர் வகை ரோக், அதாவது திருடன் வகை. அந்த வகைக்கு 4 திறமை, கதைப் பின்புலத்துக்கு 2, ஆக மொத்தம் 6. அதை ஆளுக்கு 2-ஆப் பிரிச்சாச்சு. சிப்பாய்க்குத் தெரிஞ்சது படிப்பாளிக்குத் தெரியாது. மூணு பேரையும் கூட்டினா ஒரு முழு ஆள் வரணும், மூணு ஆள் வரக்கூடாது.

ரெண்டு. எப்போ மாறும்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். நெருப்பு, பூட்டின அறை, யாராவது கையைப் பிடிச்சு இழுக்கிறது. இந்த மூணில் ஒண்ணு நடந்தா 20 முகப் பகடை. கூட்டல் 2 சேர்த்து 12 வந்தா அதே ஆள் நிப்பான். அதாவது 55 சதவீதம் நிலைக்கும். மாறிட்டா அடுத்த ஓய்வு வரைக்கும் திரும்ப முடியாது. வசதிக்கு மாறுறது கிடையாது.

மூணு. உள்ளே இருக்கிறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக் கூடாது. ஒருத்தர் செஞ்சது இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரியணும்னா கூட இருக்கிற நாலு பேரில் யாராவது சொல்லணும்.

நாலு. திருடியை அவன் ஆட மாட்டான், அவள் ஆடுவாள். அந்த நேரத்துக்கு அவளோட பாதிரியார் தாளை அவன் வாங்கிக்கணும். யார் கையிலும் ரெண்டு தாள் இருக்காது. அவள் ஒரு நிபந்தனை சேர்த்தாள்: மூணு பேரில் யாரும் கெட்டவங்க இல்லை. எல்லாருமே அந்த உடம்பைக் காப்பாத்தத்தான் வந்தவங்க. நோய்ப் பெயர் எதுவும் மேஜையில் சொல்லக் கூடாது.

இந்த நாலில் பெரிய வேலை செஞ்சது மூணாவது. முதலில் அதை நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் எழுதினோம். நடந்தது வேற.

எட்டாவது ஆட்டமோ ஒன்பதாவதோ. இவங்க ஒரு ஒற்றனைப் பிடிச்சு வச்சிருந்தாங்க. சிப்பாய்தான் ராத்திரி பூரா காவல். விடியற நேரத்தில் கூடாரத்தில் தீ. பகடை 6. திருடி வந்தாள், அதாவது தாள் கை மாறிச்சு. அவள் ஒற்றனோட முகத்தைப் பார்த்து, அவன் சின்னப் பையன்னு சொல்லி, கட்டை அவிழ்த்து விட்டுட்டாள். மேஜையில் எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஓய்வு முடிஞ்சது, தாள் திரும்ப அவன் கைக்கு வந்தது, சிப்பாய் கண்ணைத் திறந்து கேட்டான்: "கைதி எங்கே?"

யாரும் பேசலை. நான் எதுவும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நீதான் விட்டேன்னு சொல்றதா? ஓடிட்டான்னு பொய் சொல்றதா? அதிகம் போன் பார்க்கிற அந்தப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான். அவன் கேரக்டர் சிப்பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ராத்திரி நடந்ததை ஒண்ணு விடாம, மெதுவா, குத்தம் சொல்ற தொனி இல்லாம சொன்னான். நடுவில் பாதிரியார் ஒரு இடத்தில் திருத்தினாள். இன்னொருத்தன் பொய்தான் சொல்லணும்னு வாதாடினான். அரை மணி நேரம் போனதே தெரியலை. அந்த அரை மணியில் மூணு பேர் உள்ள கேரக்டர்காரன் பேசினது நாலே வாக்கியம்.

அன்னைக்கு எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். ஒரு கேரக்டர் சமநிலையா இருக்கான்னு அந்தத் தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கேரக்டரால மத்தவங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு பார்க்கணும். எல்லாம் தெரிஞ்ச மூணு பேர் ஒரு உடம்பில் இருந்தா மத்த நாலு பேரும் வேடிக்கை பார்க்கணும். ஒருத்தர் மறந்ததை இன்னொருத்தர் சொல்லித்தான் ஆகணும்னா, நாலு பேருக்கும் வேலை வருது, பொறுப்பும் வருது. பலவீனம்னு நினைச்சு வச்ச ஓட்டை வழியாத்தான் கூட்டம் உள்ளே வந்தது.

யாராவது இப்படி ஒரு கேரக்டரைக் கொண்டு வந்தா மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. மூணையும் கூட்டினா ஒரு ஆள்தானா? மாறுறது யார் கையில்? மாறினதும் பேசப் போறது யார், அவன் மட்டுமா, மேஜை முழுக்கவா? அதுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. அந்த மேஜையில் அதிகம் பேசாம உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட, "இது உனக்கு ஓகேவா?"ன்னு தனியா கேளுங்க. எல்லார் முன்னாடியும் கேட்டா ஓகேன்னுதான் சொல்வாங்க.

அவள் ஒரு ஞாயிறுகூட விடாம வர்றாள். திருடியை அவள் ஆடுற அழகைப் பார்த்து, தன் பாதி கேரக்டரைத் தானமா குடுத்தவனே வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கான். மிக்சர் பாக்கெட்டும் இப்போ சீக்கிரம் காலியாகிறதில்லை.

சரி, அடுத்த ஆட்டத்துக்கு வரைபடம் போடணும். வரட்டா?